நடையா, படியா, ஓட்டமா? தோட்டத்து ஊரில் ஸ்டெமினாவை அளக்க எந்தச் சோதனை?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து ஊரில் இளைஞர் மன்றமோ, கோயில் நிர்வாகமோ, காலை நடைக்குழுவோ "நம்ம ஆளுங்க ஸ்டெமினாவை ஒரு தடவை அளந்து பார்ப்போம்" என்று முடிவெடுத்தால், முதலில் தீர்க்க வேண்டியது எந்தச் சோதனை என்பதைத்தான். வரிசையில் நிற்பவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் அல்ல. செம்பனைக் குலை வெட்டும் 28 வயதுத் தம்பி, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் 58 வயதுப் பெரியவர், முட்டிவலியோடு வரும் அக்கா, போலீஸ் வேலைக்கு மனுப்போடும் பையன், நால்வரும் அங்கே இருப்பார்கள். எல்லாரையும் ஒரே சோதனையில் நிறுத்தினால் சிலருக்கு எண் பொய்யாக வரும், சிலருக்கு ஆபத்தாகவே முடியும்.

எங்கள் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 30 வயது தாண்டிய பெரும்பாலோருக்கு ஒரு மைல் நடைச் சோதனை. சீருடைப் பணிக்குத் தயாராகும் இளையோருக்கு 2.4 கிலோமீட்டர் ஓட்டம். மழை நாளுக்கும் இடமில்லாத இடத்துக்கும் படிச் சோதனை. அதிலும் 30 சென்டிமீட்டர் படி மட்டும், சொந்த முன்னேற்றத்தைப் பார்ப்பதற்கு மட்டும்.

எல்லாச் சோதனைகளும் தேடுவது ஒன்றையேதான். உடம்பு முழு வேகத்தில் உழைக்கும்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்ற அளவு அது. வி.ஓ.2 மேக்ஸ் என்று கைக்கடிகாரங்கள் காட்டுவதும் இதைத்தான். ஆய்வுக்கூடத்தில் முகமூடி மாட்டி, ஓடும் இயந்திரத்தில் ஏற்றி நேரடியாக அளப்பார்கள். திடலில் நாம் செய்வது மதிப்பீடு. 10 முதல் 15 விழுக்காடு வரை மேலும் கீழும் போகலாம். 35 என்று வந்தால் 30க்கும் 40க்கும் நடுவில் எங்கோ என்று வைத்துக்கொள்வதே நேர்மை.

இந்த எண்ணுக்கும் தோட்ட வேலைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. எட்டு மணி நேர வேலையை ஒருவர் நாள்தோறும் தாக்குப்பிடிக்க, அந்த வேலைக்குத் தேவையான ஆக்சிஜன் அவருடைய உச்ச அளவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது வேலைச் சுமை கணக்கிடுபவர்கள் பின்பற்றும் அளவுகோல். உச்சம் 30 உள்ளவருக்கு அது 10. உச்சம் 42 உள்ளவருக்கு 14. ஒரே குலையைத் தூக்கும் இருவரில் ஒருவர் மதியத்துக்குள் ஓய்ந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நடைச் சோதனை

ராக்போர்ட் சோதனை என்று பெயர். 1987ல் வெளியான இதன் சூத்திரம் 30 முதல் 69 வயது வரையுள்ள ஆண்களையும் பெண்களையும் வைத்து உருவாக்கப்பட்டது. நம் ஊர்க் கூட்டத்தின் வயதும் பெரும்பாலும் அதுதான் என்பதே இதை முதலில் வைக்கக் காரணம். ஒரு மைல், அதாவது 1609 மீட்டர், ஓடாமல் முடிந்த அளவு வேகமாக நடக்க வேண்டும். முடித்த நேரம், முடித்தவுடன் நாடித்துடிப்பு, வயது, எடை, ஆணா பெண்ணா என்ற ஐந்தும் போதும்.

கணக்கு இது: 132.853 − (0.1695 × கிலோவில் எடை) − (0.3877 × வயது) − (3.2649 × நிமிடத்தில் நேரம்) − (0.1565 × துடிப்பு). ஆணாக இருந்தால் 6.315 கூட்ட வேண்டும். 45 வயது, 68 கிலோ எடையுள்ள ஒரு பெண் 16 நிமிடம் 30 வினாடியில் நடந்து, துடிப்பு 132 என்று வந்தால் விடை 29.4. இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்றைக் கவனியுங்கள். 16 நிமிடம் 30 வினாடியைக் கால்குலேட்டரில் 16.30 என்று தட்டிவிடுகிறார்கள். அது 16.5. வினாடியை 60ஆல் வகுத்த பிறகே சேர்க்க வேண்டும்.

திடலை அளப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. சிறிய தமிழ்ப்பள்ளித் திடல்களில் 400 மீட்டர் தடம் அமையாது. விளையாட்டுப் போட்டிக்குச் சுண்ணாம்பில் போட்ட 200 மீட்டர் வட்டம் கிடைத்தாலே நல்லது. அதில் 8 சுற்றும் 9 மீட்டரும் நடந்தால் 1609 மீட்டர். வட்டம் இல்லையென்றால் சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். முன்சக்கர டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, ஆள் ஏறி உட்கார்ந்த நிலையில் ஒரு முழுச் சுற்று உருட்டி, தரையில் எவ்வளவு நகர்ந்தது என்று நாடாவால் அளங்கள். ஆள் உட்காரும்போது டயர் அமுங்கிச் சுற்றளவு கொஞ்சம் குறையும், அதனால்தான் ஏறி உட்காரச் சொல்கிறோம். அது 2.05 மீட்டர் என்றால் 785 சுற்றுக்கு 1609 மீட்டர் வந்துவிடும். கைப்பேசியின் ஜி.பி.எஸ்ஸை நம்பி, செம்பனை மரங்களுக்கு அடியில் வளைந்து வளைந்து போகும் தோட்டச் சாலையில் தூரம் குறிக்காதீர்கள். ஓலை மூடிய இடத்தில் அது தடம் மாறும். மேடு பள்ளமுள்ள செம்மண் சாலையும் ஒத்துவராது, இந்தச் சூத்திரம் சமதளத்துக்கானது.

தூரத்தில் 2 விழுக்காடு தவறினால் மேலே சொன்ன பெண்ணுக்கு ஏறக்குறைய 20 வினாடி மாறும், விடையில் 1 கூடும் அல்லது குறையும். துடிப்பில் 10 பிசகினால் 1.6 மாறும். அந்த 10 துடிப்பைத் தொலைப்பது மிகச் சுலபம். நின்றதும் துடிப்பு வேகமாக இறங்க ஆரம்பித்துவிடும். நல்ல தகுதி உள்ளவருக்கு முதல் ஒரு நிமிடத்திலேயே 20க்கு மேல் இறங்கலாம். கோட்டைத் தாண்டி, தண்ணீர் குடித்து, முகம் துடைத்து, பிறகு நாடி பார்த்தால் எல்லாருக்கும் மார்க் கூடிவிடும்.

கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக வையுங்கள். கட்டைவிரலால் தொடக் கூடாது, அதன் சொந்தத் துடிப்பே குழப்பும். கோட்டைத் தாண்டிய அடுத்த கணமே விரல் மணிக்கட்டில் இருக்க வேண்டும். முதல் துடிப்பைப் பூச்சியம் என்று எண்ணித் தொடங்கி 15 வினாடி எண்ணி 4ஆல் பெருக்குங்கள். ஒரு துடிப்பு விட்டுப்போனால் நிமிடக் கணக்கில் 4 குறையும், ஆகவே எண்ணுபவரிடம் அந்த 15 வினாடி யாரும் பேசக் கூடாது. கோவிட் காலத்தில் வாங்கிய விரல் கருவி வீட்டில் இருந்தால் அதுவும் உதவும். விரலை ஆட்டாமல் வைத்து எண் நிலையாகும்வரை சில வினாடி பொறுக்க வேண்டும் என்பதால், அதற்குள் துடிப்பு கொஞ்சம் இறங்கியிருக்கும். கைக்கடிகாரத்தைத் தளர்வாகக் கட்டி, கையை வீசி நடந்தால் சில நேரம் அது துடிப்பை விட்டுவிட்டுக் காலடி வேகத்தை எண்ணிக் காட்டும். நிமிடத்துக்கு 115, 120 என்று அசையாமல் நின்றால் சந்தேகப்படுங்கள். துடிப்பை அளக்கும் மார்புப் பட்டை இருந்தால் எல்லாவற்றையும்விட அதுவே மேல்.

இந்தச் சோதனைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. 20 வயதுப் பையன்கள் நடந்தால் துடிப்பு போதிய அளவு ஏறாது, விடை உயர்த்தியே வரும். இன்னொன்று, தோழிகளோடு பேசிக்கொண்டு நடப்பவர்கள். "அக்கா, இன்னிக்கு மட்டும் பேசாம வேகமா நடந்துடுங்க" என்று தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மூச்சு வாங்காமல் உலாவிய நடையில் கணக்குப் போடுவது வீண்.

படிச் சோதனை

மழை பெய்தால் திடல் போச்சு. பேராக்கில் பிற்பகல் இடிமழை சகஜம். அப்போது எல்லாருக்கும் நினைவுக்கு வருவது மூன்று நிமிடம் படியேறி இறங்குவது. பள்ளிகளின் செகாக் என்ற உடற்தகுதிச் சோதனையில் பிள்ளைகள் பெஞ்சில் ஏறி இறங்குவதும் இந்த வகைதான். இடம் வேண்டாம், தூரம் அளக்க வேண்டாம், கோயில் மண்டபத்திலேயே முடித்துவிடலாம். ஆனால் பெரியவர்களுக்கு எந்தப் படி என்பதில் கவனம் வேண்டும்.

அதிகமாகக் கையாளப்படுபவை இரண்டு. ஒன்று குவீன்ஸ் காலேஜ் சோதனை: படியின் உயரம் 41.3 சென்டிமீட்டர், மூன்று நிமிடம், ஆண்கள் நிமிடத்துக்கு 24 முறை, பெண்கள் 22 முறை. முடிந்த 5வது வினாடியிலிருந்து 20வது வினாடி வரை நாடி எண்ண வேண்டும். ஆண்களுக்கு விடை 111.33 − (0.42 × துடிப்பு), பெண்களுக்கு 65.81 − (0.1847 × துடிப்பு). இன்னொன்று ஒய்.எம்.சி.ஏ சோதனை: 30.5 சென்டிமீட்டர் படி, நிமிடத்துக்கு 24 முறை, மூன்று நிமிடம். முடிந்ததும் உட்கார்ந்து, 5 வினாடிக்குள் தொடங்கி முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இதில் சூத்திரம் இல்லை. வயது வாரியான அட்டவணையோடு ஒப்பிடுவார்கள்.

குவீன்ஸ் சோதனையை 40 வயது தாண்டியவர்களிடம் கொண்டுபோகவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. அது கல்லூரி மாணவர்களுக்காகச் செய்யப்பட்டது. 41.3 சென்டிமீட்டர் படியில் நிமிடத்துக்கு 24 முறை ஏறி இறங்க, படியேற்றத்துக்கான வழக்கமான சமன்பாட்டின்படி, ஒரு கிலோவுக்கு நிமிடத்தில் ஏறக்குறைய 32 மில்லிலிட்டர் ஆக்சிஜன் வேண்டும். பெண்களின் 22 முறைக்கு ஏறக்குறைய 30. நடைச் சோதனையில் 29.4 வந்த அதே பெண்ணை இந்தப் படியில் ஏற்றினால், சோதனை தொடங்கும்போதே அவருடைய உச்சம் தாண்டிவிடுகிறது. உயரம் 150 சென்டிமீட்டர் என்றால் படி அவர் முட்டி அளவுக்கு நிற்கும். இதயம் களைப்பதற்கு முன்பே தொடை களைத்துவிடும்.

பெண்களின் சூத்திரத்தில் இன்னொரு குறையும் இருக்கிறது. அந்தப் பெண்ணின் துடிப்பு 175க்கே போனாலும், 45 வயதில் அதுவே உச்சம் என்று எடுத்துக்கொள்ளும் அளவு, சூத்திரம் 33.5 என்றுதான் சொல்லும். அதற்குக் கீழே இறங்க அதற்கு வழியே இல்லை. 20 துடிப்பு குறைந்தால் ஆணுக்கு 8.4 கூடும், பெண்ணுக்கு 3.7தான் கூடும். தகுதி குறைந்த பெண்ணுக்கும் நல்ல எண்ணைக் கொடுத்து அனுப்பிவிடும் சோதனை இது. தைரியம் தரும் விடை கிடைத்த சந்தோஷத்தில் அவர் நடைப்பயிற்சியை விட்டுவிட்டால் நட்டம் அவருக்குத்தான்.

30 சென்டிமீட்டர் படிக்கு அதே கணக்கில் 26 மில்லிலிட்டர் வேண்டும். இதுவும் லேசான வேலை இல்லை, ஆனால் பலரால் முடியும். பலகையால் அடித்த படி என்றால் 30.5 சென்டிமீட்டர் உயரம், 40 சென்டிமீட்டர் ஆழம், 60 சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும். கால்கள் நான்கிலும் ரப்பர் ஒட்டி, சுவரோரம் தள்ளி வையுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம். கோயில் படிகள் அழகாக அமைந்திருந்தாலும் அவை பெரும்பாலும் 15 முதல் 18 சென்டிமீட்டர்தான், கணக்குக்கு ஒத்துவராது. பத்துமலையின் 272 படிகளை எத்தனை நிமிடத்தில் ஏறினோம் என்று ஒப்பிடுவதையும் சிலர் சோதனையாக நினைக்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் வேகத்தில், கூட்டத்தில் நின்று நின்று ஏறுவதால் அதில் அளக்க எதுவும் இல்லை.

கைப்பேசியில் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 96 தட்டுக்கு வையுங்கள். ஏறு, ஏறு, இறங்கு, இறங்கு என்று நான்கு தட்டுக்கு ஒரு சுற்று. மேலே ஏறியதும் முட்டி முழுக்க நிமிர வேண்டும். களைத்தவர்கள் கூன் போட்டு அரைகுறையாக ஏறும்போது வேலை குறைந்து துடிப்பும் குறைகிறது, எண் அழகாக வந்துவிடுகிறது. பாதியில் முதல் காலை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். தாளத்தை 15 வினாடிக்கு மேல் பிடிக்க முடியாமல் போனால் அங்கேயே நிறுத்தி, எத்தனை நிமிடம் தாங்கினார் என்று மட்டும் குறியுங்கள்.

ஓட்டங்கள்

டாக்டர் கென்னத் கூப்பர் 1968ல் வெளியிட்ட 12 நிமிட ஓட்டம் இன்றும் உலகம் முழுவதும் புழக்கத்தில் இருக்கிறது. அவர் சோதித்தது 115 அமெரிக்க விமானப்படை ஆண்களை. ஓடிய மீட்டரிலிருந்து 504.9 கழித்து 44.73ஆல் வகுத்தால் விடை: 2000 மீட்டருக்கு 33.4, 2400 மீட்டருக்கு 42.4. நேரத்தை நிலையாக வைத்துத் தூரத்தை அளக்கும் இந்த முறைக்குப் பதிலாக, தூரத்தை நிலையாக வைத்து நேரத்தை அளப்பது 2.4 கிலோமீட்டர் ஓட்டம். 483ஐ நிமிடத்தால் வகுத்து 3.5 கூட்ட வேண்டும். 12 நிமிடத்துக்கு 43.8, 14 நிமிடத்துக்கு 38.

இருபது பேர் கூட்டமாக ஓடும்போது 12 நிமிட ஓட்டம் நடத்துவது எளிது, விசில் ஊதினால் எல்லாரும் ஒரே நேரத்தில் நிற்பார்கள். 20 மீட்டருக்கு ஒரு கூம்பு வைத்தால் தூரத்தைச் சட்டென்று படிக்கலாம். ஆனால் சீருடைப் பணித் தேர்வுகளில் கேட்பது 2.4 கிலோமீட்டர் என்பதால் இளைஞர்களுக்கு அதையே வையுங்கள். பயிற்சியும் சோதனையும் ஒன்றாகவே நடந்துவிடும். கெடுவது முதல் சுற்றில்தான். 14 நிமிடத்தில் முடிக்கக்கூடியவர் 200 மீட்டர் சுற்றை 70 வினாடியில் ஓட வேண்டும். பெரும்பாலான பையன்கள் 50 வினாடியில் பறந்துவிட்டு ஆறாவது சுற்றில் நடப்பார்கள். அப்படி வந்த எண் தகுதியைக் காட்டாது, அனுபவமின்மையைத்தான் காட்டும். முதல் வாரம் ஒரு பழக்க ஓட்டம், மறுவாரம் கணக்கில் சேர்க்கும் ஓட்டம் என்று வையுங்கள்.

20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, அவற்றுக்கு இடையே போய்த் திரும்பிக்கொண்டே இருக்கும் ஓட்டமும் உண்டு. ஒலிநாடாவில் அடுத்த ஒலி வருவதற்குள் எதிர்க்கோட்டைத் தொட வேண்டும், மணிக்கு 8.5 கிலோமீட்டரில் தொடங்கி நிமிடத்துக்கு 0.5 கூடும். வேகத்தை நாடாவே கொடுத்துவிடுவதால் முதல் சுற்றில் பறக்கும் தொல்லை இல்லை. பெரியவர்களுக்குக் கடைசி வேகத்தை 6ஆல் பெருக்கி 27.4 கழிக்க வேண்டும். 8.0ல் தொடங்கி அடுத்து நேரே 9.0க்குத் தாவும் ஒலிப்பதிவுகளும் புழக்கத்தில் இருப்பதால், கையில் இருப்பது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஈரப்புல்லில் திரும்பினால் சறுக்கும். பூப்பந்து ஆடும் மண்டபத் தரையே இதற்குத் தோது.

ஓட்டங்கள் எல்லாமே உடம்பை அதன் எல்லைக்கு விரட்டுபவை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நீரிழிவு மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடம்தான் அதிகமாக இருந்தது. இனிப்பு நீர், இரத்த அழுத்தம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு, நெஞ்சு இறுக்கம், மயக்கம் இதில் ஒன்று இருந்தாலும், ஓடுவதற்கு முன் அரசாங்க கிளினிக்கில் கேட்டுவிட்டு வரட்டும். ஏற்கெனவே இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்களுக்கு மருத்துவமனைகளில் 30 மீட்டர் நடைபாதையில் எடுக்கும் 6 நிமிட நடை இருக்கிறது. அதை அங்கேயே எடுக்கட்டும்.

எந்த நாள், எந்த நேரம்

காலை ஏழரைக்குள் தொடங்குங்கள். பிற்பகலில் 32, 33 டிகிரி வெயிலில் அதே நடைக்கு இதயம் தோலைக் குளிர்விக்கவும் இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் துடிப்பு கூடும். ஆள் அதே ஆள், எண் மட்டும் இறங்கும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டிய புகைமூட்ட நாளில் பள்ளிகளே வெளி நடவடிக்கையை நிறுத்துகின்றன, நாமும் தள்ளிவைப்போம். கோப்பி, தேநீர், சிகரெட் சோதனைக்கு முன் வேண்டாம். லேசாகப் பசியாறி ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கட்டும். இன்சுலினோ இனிப்பு நீர் மாத்திரையோ எடுத்துவிட்டு வெறும் வயிற்றில் யாரும் வரக் கூடாது. திடலோரத்தில் தண்ணீரோடு சீனிப்பாகும் ஒரு போத்தல் இருக்கட்டும்.

ஒரு சோதனையின் எண்ணை இன்னொரு சோதனையின் எண்ணோடு ஒப்பிடவே வேண்டாம். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து அதே திடலில், அதே நேரத்தில், நாடி பார்த்த அதே ஆளை வைத்து, அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். விடையோடு நேரம், துடிப்பு, எடை எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்தால்தான் எது மாறியது என்று தெரியும். எடை 3 கிலோ குறைந்தாலே நடைச் சூத்திரத்தில் 0.5 கூடிவிடும். இரண்டு, மூன்று மில்லிலிட்டர் வித்தியாசத்தை முன்னேற்றம் என்று அறிவிக்க வேண்டாம், அது அளவையின் ஆட்டத்துக்குள் அடங்கும்.

அடினோலோல், மெட்டோப்ரோலோல், பிசோப்ரோலோல் போன்ற இரத்த அழுத்த, இதய மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடியை வைத்துச் செய்யும் எந்தக் கணக்கும் பொருந்தாது. அவை துடிப்பை அடக்கி வைப்பதால், மாத்திரை இல்லாமல் 132 வரக்கூடியவருக்கு 104 வந்தால் நடைச் சூத்திரம் சும்மாவே 4.4ஐக் கூட்டிக் கொடுத்துவிடும். சோதனைக்காக மாத்திரையை நிறுத்தச் சொல்லவே கூடாது. அவர்களுக்குச் சூத்திரத்தை விட்டுவிட்டு, ஒரு மைல் நடந்த நேரத்தையும், முடித்தபோது எவ்வளவு சிரமமாக இருந்தது என்று 0 முதல் 10க்குள் அவரே சொல்லும் ஒரு எண்ணையும் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.